பகுதிதோறும் கழிவுநீர் சுத்திகரிப்பு: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

ஊருக்கு வெளியே ஒரே பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, குடியிருப்புக்கு ஒன்று, வளாகத்துக்கு ஒன்று எனச் சிறு நிலையங்களைப் பரப்பி, நீரை அங்கேயே மறுபடி பயன்படுத்துவது நகரங்களுக்கு நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கட்டப்பட்டவற்றில் பல, ஓரிரு ஆண்டுகளிலேயே நாற்றமடித்து முடங்கிப்போவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில், பல இடங்களில் நல்லது என்பதே. ஆனால் இரண்டாவது கேள்வியை யோசிக்காமல் முதலாவதற்கு ஆம் சொல்லிக் கட்டியவர்களால்தான் இந்த முறைக்கே கெட்ட பெயர் வந்திருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

பெரிய சாக்கடை அமைப்பு எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1858-இன் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் லண்டன் திணறியது. அதன் பிறகு ஜோசப் பாசல்கெட் என்ற பொறியாளர் அமைத்த பெருங்குழாய்கள் கழிவைச் சுத்திகரிக்கவில்லை. நகரத்தைத் தாண்டி, கடலை நோக்கித் தள்ளிவிட்டன. அப்போதைய தேவை அதுதான், அது ஏராளமான உயிர்களைக் காத்தது. கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு சில மணி நேரத்தில் சுத்தமாக்கலாம் என்பதை மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-இல் காட்டினார்கள். காற்றை ஊதினால் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு பெருகும். ஊதுவதை நிறுத்தினால் அவை திரண்டு அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தப் படிவை எறிந்துவிடாமல் அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொண்டதுதான் அவர்களுடைய கண்டுபிடிப்பின் உயிர்நாடி. இன்று ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் தொட்டியிலும், பல லட்சம் பேருக்கான நிலையத்திலும் நடப்பது அதே வேலை. நுண்ணுயிருக்குச் சிறியது பெரியது என்ற வேறுபாடு கிடையாது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? குழாயில். கழிவுநீர் தானாக ஓட வேண்டுமானால் குழாய் சரிந்துகொண்டே போக வேண்டும். தூரம் கூடக் கூட ஆழம் கூடும். ஓர் அளவுக்கு மேல் தோண்ட முடியாமல் நீரேற்று நிலையம் வைத்து மேலே தூக்கி, மறுபடி சரிய விட வேண்டும். ஒரு நகரத்தின் கழிவுநீர்ச் செலவில் பெரும்பகுதி சாலைக்கு அடியில்தான் புதைந்து கிடக்கிறது. இத்தனையும் செய்த பிறகு சுத்தமான நீர் கிடைப்பது ஊரின் மிகத் தாழ்ந்த மூலையில். அதைக் கேட்பவர்களோ மேட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திருப்பி அனுப்ப இன்னொரு குழாய், இன்னொரு பம்ப். சிறு நிலையங்களுக்கு ஆதரவான மிக வலுவான வாதம் இந்தத் தூரம்தான். சுத்திகரிப்பைப் பொறுத்தவரை பெரிய நிலையமே பெரும்பாலும் மலிவு, நிலையானதும்கூட. மறுபயன்பாடு என்று வரும்போதுதான் சிறியது முந்துகிறது.

இதிலிருந்தே நான் முதலில் பார்க்கும் கணக்கு வருகிறது: கிடைக்கும் நீரை யார் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள்? நூறு பேர் வாழும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 130 லிட்டர் என்றால் மொத்தம் 13,000 லிட்டர். அதில் ஏறக்குறைய 11,000 லிட்டர் கழிவுநீராகத் திரும்பி வரும். கழிப்பறைத் தொட்டிகளுக்கு 3,500 லிட்டர் போகட்டும், தோட்டத்துக்கும் தரை கழுவவும் 1,500 லிட்டர் போகட்டும். மீதி 6,000 லிட்டர்? மழை நாளில் தோட்டத்துக்கும் தேவையில்லை, மீதி இன்னும் கூடும். 'ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது' என்று விதி எழுதிவிட்டால் அந்த மீதி ஆவியாகிவிடாது; இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் மழைநீர்க் கால்வாயில் இறங்கும். அலுவலகக் கட்டடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே குளிப்பவர் இல்லை, சமைப்பவர் இல்லை. பயன்படும் நீரில் பாதிக்கு மேல் கழிப்பறைக்கும் குளிர்சாதன அமைப்பின் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் போகிறது. அங்கே உருவாகும் கழிவுநீர் அந்தத் தேவைக்கே போதாது. குடியிருப்பின் மீதியை அடுத்த தெரு அலுவலகம் வாங்கிக்கொண்டால் இரண்டும் சரியாகிவிடும். ஆகவே கட்டடத்துக்கு ஒன்று என்ற அளவை விட, சில தெருக்கள் சேர்ந்த பகுதிக்கு ஒன்று என்ற அளவையே நான் விரும்புகிறேன். சட்டங்கள் பெரும்பாலும் வேலியோடு நின்றுவிடுகின்றன. பக்கத்து மனைக்கு நீரைக் கொடுப்பதற்கு வழி வைக்காத விதி, பாதி வேலைதான் செய்திருக்கிறது.

அடுத்தது தரம். எந்தப் பயனுக்கு எந்த நீர் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். மண்ணுக்கு அடியில் சொட்டுநீராகப் போவதற்கும், குழந்தைகள் விளையாடும் புல்வெளியில் தெளிப்பதற்கும் ஒரே தரம் போதாது. கழிப்பறைக்குப் போகும் நீரில் நோய்க்கிருமி இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. மஞ்சளாக இருந்தால் வீட்டுக்காரர்கள் ஏற்க மாட்டார்கள். தொட்டியில் இரண்டு நாள் நின்றாலும் நாற்றம் வரக் கூடாது. அதற்கு அமோனியா போயிருக்க வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. அமோனியா மிச்சமிருந்தால் போடுகிற குளோரின் அதனோடு சேர்ந்து வீரியம் குறைந்த குளோரமின் ஆகிவிடும். எவ்வளவு போட்டாலும் போதாதது போலத் தோன்றும். அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை, ஆக்சிஜன் நிறையக் கேட்பவை: ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 4.57 கிராம். காற்றூட்டலில் மிச்சம் பிடித்தால் முதலில் கைவிடப்படுவது இந்த வேலைதான்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த நுண்ணுயிரும் உப்பைத் தின்பதில்லை. ஒவ்வொரு முறை வீட்டுக்குள் போய் வரும்போதும் நீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் கரைந்த உப்பு சேர்கிறது. ஏற்கெனவே உவர்ப்பான நிலத்தடி நீரை மென்நீராக்கும் கருவி வழியாகப் பயன்படுத்தும் இடங்களில் சோடியமும் சேரும். இரண்டு ஆண்டு கழித்துத் தோட்டத்தின் இலை நுனிகள் கருகும்போதுதான் இது தெரியவரும்.

இனி வளங்கள். கழிவுநீர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் வீட்டிலிருந்து வெளியேறுவது ஒரே பொருளன்று. குளியல், துணி துவைத்தல், கை கழுவல் ஆகியவற்றின் நீர் அளவில் பாதிக்கு மேல்; அழுக்கு குறைவு, வெதுவெதுப்பும் உண்டு. சிறுநீர் மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆனால் நைட்ரஜனில் சுமார் 80 சதவீதமும், பாஸ்பரஸில் சுமார் பாதியும் அதில்தான் இருக்கின்றன. ஒரு மனிதர் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கிலோ நைட்ரஜனையும் அரை கிலோ பாஸ்பரஸையும் வெளியேற்றுகிறார். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். காற்றிலிருக்கும் நைட்ரஜனை ஹேபர்-பாஷ் முறையில் எரிபொருள் செலவழித்து உரமாக்குகிறோம். அது பயிராகி, உணவாகி, நம் உடல் வழியாக வெளியே வந்ததும், மின்சாரம் செலவழித்து மறுபடி காற்றுக்கே அனுப்புகிறோம். இரண்டு முறை செலவு. பாஸ்பரஸின் கதை இன்னும் மோசம்: அது பாறையிலிருந்து வெட்டியெடுக்கப்படுவது, திரும்பக் காற்றிலிருந்து கிடைக்காது.

எல்லாவற்றையும் ஒரே குழாயில் கலந்த பிறகு பிரிப்பது கடினம். கலக்கும் முன் பிரிப்பது எளிது, ஆனால் கட்டடம் கட்டும்போதே செய்ய வேண்டும். ஸ்வீடனின் ஹெல்சிங்போரி நகரில் ஓஷன்ஹாம்னென் என்ற புதிய துறைமுகக் குடியிருப்பில் கழிப்பறைக்கு ஒன்று, மற்ற வீட்டு நீருக்கு ஒன்று, அரைத்த உணவுக் கழிவுக்கு ஒன்று என மூன்று குழாய்கள் வைத்தார்கள். கழிப்பறை வெற்றிட உறிஞ்சல் முறையில் இயங்குவதால் ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரே போதும். கழிவு கெட்டியாக வருவதால் அதிலிருந்து எரிவாயு எடுக்க முடிகிறது, உரச்சத்தையும் மீட்க முடிகிறது. ஹாம்பர்க்கின் யென்ஃபெல்டர் ஆவ் குடியிருப்பும் இதே வழியில் அமைந்ததுதான். சுவிட்சர்லாந்தின் ஈவாக் நீராய்வு நிறுவனத்தில் வளர்ந்த ஒரு முறை, சிறுநீரிலுள்ள அமோனியாவில் பாதியை நைட்ரேட்டாக்கி நாற்றத்தைப் போக்கி, கரி வடிகட்டியால் மருந்து எச்சங்களை நீக்கி, காய்ச்சி வடித்துத் திரவ உரமாக்குகிறது. ஆரின் என்ற பெயரிலுள்ள அந்த உரத்தை உணவுப் பயிர்களுக்கும் பயன்படுத்த 2018-இல் அந்த நாடு அனுமதி கொடுத்தது. குழாய்களில் சிறுநீர் உப்பு படிந்து அடைத்துக்கொள்வது இத்தகைய முயற்சிகளில் தொடர்ந்து வந்த தொல்லை. ஆகவே பழைய கட்டடத்தை உடைத்து இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக எழும் பகுதியில், குழாய் விலை மட்டுமே கூடுதல் என்ற கட்டத்தில், தனிக் குழாய்க்கு இடமாவது ஒதுக்கி வையுங்கள் என்று மன்றாடுவேன். கான்கிரீட் போட்ட பிறகு அடுத்த ஐம்பது ஆண்டுக்கு அந்த வாய்ப்பு திரும்பாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. முடங்கிப்போன சிறு நிலையங்களில் என்ன நடந்திருக்கும்? பெரிய நகரத்தில் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் தூங்குகிறார். நீண்ட குழாய்களும் சேர்ந்து ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடுகின்றன. ஒரே கட்டடத்தில் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வெள்ளம், நள்ளிரவில் வறட்சி. சராசரியைப் போல மூன்று, நான்கு மடங்கு உச்சம் வரும். அதைத் தாங்கிக்கொள்ள முகப்பில் ஒரு சமப்படுத்தும் தொட்டி போதிய அளவில் வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தக் கட்டுநர்கள் முதலில் சுருக்குவது இதைத்தான். சுருக்கினால் காலை வெள்ளம் நுண்ணுயிர்த் திரளையே அடித்துக்கொண்டு வெளியேறிவிடும்.

முழுக் குடியேற்றத்துக்கு வடிவமைத்த நிலையத்தை ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் மட்டும் ஆள் வந்திருக்கும்போது ஓட்டத் தொடங்குவார்கள். நுண்ணுயிர்களுக்கு உணவில்லை, பட்டினி கிடந்து செத்துவிடும். தொட்டியை ஆரம்பத்திலேயே இரண்டு வரிசையாகப் பிரித்துக் கட்டியிருந்தால் ஒன்றை மட்டும் ஓட்டலாம். பிறகு மின்கட்டணம் கண்ணை உறுத்தும். தொட்டிக்குள் காற்றை ஊதும் ப்ளோவர் இரவில் நிறுத்தப்படும். காற்றில்லாத தொட்டியில் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். நாற்றத்தால் குடியிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் நிலையத்தையே மூடிவிடுவார்கள். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஓர் இரவு நேரச் சுவிட்சாக இருந்ததை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

கசடு இன்னொரு கண்ணி. நுண்ணுயிர்கள் பெருகிக்கொண்டே இருக்கும். மிகுதியை அவ்வப்போது எடுத்தே ஆக வேண்டும். எடுத்ததை எங்கே கொண்டுபோவது என்பதைத் திட்டத்தில் எழுதாத நிலையத்தை நான் நம்புவதே இல்லை. இதைக் கண்காணிக்க ஆய்வகம் வேண்டாம். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். பழுப்பான படிவு 200 முதல் 400 மில்லிலிட்டர் வரை நின்று, மேலே நீர் தெளிவாக இருந்தால் நிலையம் நலமாக இருக்கிறது. 900-இல் நின்றால் கசடு எடுக்காமல் விட்டிருக்கிறார்கள், அல்லது படியாத இழை நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன. கருப்பாக இருந்தால் காற்று போதவில்லை. மண்வாசனை வந்தால் நல்ல அறிகுறி. இந்தச் சோதனையைத் தினம் செய்து நோட்டில் எழுதும் ஒருவர் இருக்கும் நிலையம் பழுதாகி நான் பார்த்ததில்லை.

அந்த ஒருவர் யார், அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள், அவர் வராவிட்டால் யார் கேட்பார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஜப்பானைப் பாருங்கள். அங்கே சாக்கடைக் குழாய் எட்டாத வீடுகளுக்கு ஜோகாசோ எனப்படும் சிறு சுத்திகரிப்புத் தொட்டி வைக்கிறார்கள்; ஒற்றை வீட்டுக்கே ஒன்று. இவ்வளவு சிறியது எப்படி உருப்படும் என்று தோன்றும். 1983-இல் அதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நிறுவுபவருக்கும் பராமரிப்பவருக்கும் தகுதிச் சான்று வேண்டும். குறித்த காலத்தில் பராமரிப்பு, ஆண்டுதோறும் கசடு அகற்றல், அதோடு பராமரிப்பவரைச் சாராத அமைப்பு ஒன்று செய்யும் ஆண்டுச் சோதனை என எல்லாமே சட்டக் கடமை. கழிப்பறைக் கழிவை மட்டும் சுத்திகரித்த பழைய வகையை 2001-க்குப் பிறகு புதிதாக நிறுவ விடவில்லை. தொட்டியை விட அந்த ஏற்பாடே அவர்களுடைய உண்மையான சாதனை என்பேன்.

சான் பிரான்சிஸ்கோவும் கவனிக்கத்தக்கது. கட்டடங்களுக்குள் நீரை மறுபயன்படுத்த 2012-இல் விதி வகுத்தார்கள். 2,50,000 சதுர அடிக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு 2015-இல் கட்டாயமாக்கினார்கள். அங்கே இயக்குவதற்குப் பொதுச் சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டும். கிருமிப் பரிசோதனையின் முடிவு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் நீர் பயன்படுத்தப்பட்டுவிடும். ஆகவே கலங்கல், குளோரின், புற ஊதா ஒளியின் வீரியம் ஆகியவற்றைத் தொடர்ந்து அளந்து, அளவு தவறிய நொடியில் நீர் தானாகவே சாக்கடைக்குத் திரும்பும்படி அமைப்பதுதான் சரியான வழி. உங்கள் பகுதியில் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தத் தானியங்கித் திருப்பம் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குழாய்கள் மாறிப்போகும் ஆபத்து கற்பனையல்ல. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரின் லைட்சே ரைன் பகுதியில் குடிநீருக்கு ஒன்று, கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் ஓரளவே சுத்திகரித்த நீருக்கு ஒன்று என வீடுகளுக்கு இரண்டு குழாய்கள் போயின. 2001-இல் ஓரிடத்தில் இரண்டும் இணைந்துவிட்டன. மக்கள் அந்த நீரைக் குடித்து நோய்ப்பட்டார்கள். வீடுகளுக்குப் பெரிய அளவில் இப்படி இரண்டாம் நீர் கொடுப்பதையே அந்த நாடு பின்னர் நிறுத்திவிட்டது. ஒரே ஓர் இணைப்புப் பிழை ஒரு நாட்டின் கொள்கையையே மாற்றியது. மறுபயன்பாட்டு நீருக்கென ஊதா நிறக் குழாய், வெவ்வேறு அளவு இணைப்பிகள், குடியேறும் முன் ஒரு குழாயை மூடிவிட்டு மற்றதைத் திறந்து பார்க்கும் சோதனை ஆகிய மூன்றும் மலிவானவை, விலக்கில்லாதவை. பிளம்பர் ஒவ்வொரு முறை பழுது பார்த்த பிறகும் அந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

இதைவிட எனக்கு உறக்கம் கெடுக்கும் ஆபத்து ஒன்று உண்டு. சிறு நிலையங்கள் பெரும்பாலும் கட்டடத்தின் அடித்தளத்தில், காற்றோட்டம் குறைந்த அறையில் இருக்கின்றன. அழுகிய கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் அழுகிய முட்டை போல மணக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று இறங்குபவர், அந்த அளவு இன்னும் சில மடங்கு கூடினால் சுருண்டு விழுவார். அவரைத் தூக்கக் குதிப்பவரும் விழுவார். நிலையங்களை நூறாகப் பரப்பும்போது இந்தக் குழிகளையும் நூறாகப் பரப்புகிறோம். ஆள் இறங்காமலே பம்பை வெளியே தூக்கும் அமைப்பு, வாயு அளவி, வெளியே விசிறி, மேலே நிற்கும் இரண்டாம் ஆள் ஆகியவை வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் இல்லாவிட்டால் அந்தத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீரை மிச்சப்படுத்துவதற்கு ஒருவர் உயிரை விலையாகக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

மின்சாரத்தையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். பெரிய நிலையம் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 0.3 முதல் 0.6 யூனிட்டில் வேலையை முடித்துவிடும். சவ்வு வடிகட்டி வைத்த சிறு நிலையத்துக்கு அதைப் போலப் பல மடங்கு ஆகலாம். தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவரும், அல்லது கடல்நீரைக் குடிநீராக்கும் நகரத்தில் இது இன்னும் லாபமே. பக்கத்திலேயே நல்ல ஆறு ஓடும் ஊரில் லாபமில்லை. நிலம் இருந்தால் மின்சாரம் ஏறக்குறைய வேண்டாத வழிகளும் உண்டு: தடுப்புச் சுவர்கள் கொண்ட காற்றில்லாத் தொட்டியும் அதைத் தொடர்ந்து நாணல் படுகையும். ஆனால் படுகைக்கு ஒருவருக்கு 1 முதல் 5 சதுர மீட்டர் வரை நிலம் வேண்டும். நகர நடுவில் யார் கொடுப்பார்கள்? கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் ஈரநிலத்தில், நகரத்தின் கழிவுநீரை வெயிலும் பாசியும் தெளியவைக்க, மீனும் காய்கறியும் விளைகின்றன. அங்கே விளையும் மீன், நீர் சுத்திகரிப்புக்கு நகரம் கொடுக்காமல் மிச்சப்படுத்திய செலவின் மறுவடிவம். த்ருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் வாழ்நாள் முழுக்க அதைப் பதிவு செய்து காக்கப் போராடினார். 2002-இல் அது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய நிலம் மிச்சமிருக்கும் ஊர்கள் அதை மனைகளாக்குவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

பெரியதா சிறியதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பெருஞ்சாக்கடைக் குழாயிலிருந்தே தேவையான அளவு கழிவுநீரை உறிஞ்சி, அங்கேயே சுத்திகரித்துப் பயன்படுத்தி, கசடை மறுபடி அதே குழாயில் விட்டுவிடும் முறை இருக்கிறது. கசடுக்கு வழி தேட வேண்டாம், பழுதானால் கழிவு தேங்காது. ஆனால் ஓர் எச்சரிக்கை: மேட்டிலுள்ள எல்லாரும் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு கெட்டியானதைத் திருப்பிவிட்டால், கீழே குழாயில் ஓட்டம் குறைந்து கழிவு தேங்கும், அங்கே உருவாகும் வாயு அமிலமாகி கான்கிரீட் குழாயின் மேற்கூரையை அரிக்கும். ஆகவே யார் எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் குழாயை நடத்துபவரே முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் பகுதியில் தொடங்குவதாக இருந்தால், எந்த நிறுவனத்தையும் அழைப்பதற்கு முன் ஏழு நாட்கள், வார இறுதியும் சேர்த்து, மணிக்கொரு முறை நீர் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து எழுதுங்கள். பக்கத்தில் அந்த நீரைக் கேட்கக்கூடியவர்கள் யார், எந்த மாதத்தில் எவ்வளவு என்று பட்டியலிடுங்கள். கசடு எந்த வண்டியில் எங்கே போகும் என்பதை எழுத்தில் பெறுங்கள். கட்டுபவரையே குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயக்கிக் கொடுக்கச் செய்யுங்கள். பணத்தில் ஒரு பகுதியை நீரின் தரத்தோடு கட்டிப்போட்டு, மாதந்தோறும் கொடுங்கள். இவை கையில் இருந்தால் எந்தத் தொழில்நுட்பம் என்பதை அரை நாளில் முடிவு செய்துவிடலாம்.